ஹாங்கௌ துறையின் சாவி

ஒரு வீட்டில் செல்வம் கொழிக்கிறதா என்று அறிய அதன் களஞ்சியத்தைப் பார்த்தால் போதும். ஆனால் அந்த வீடு யாருடையது என்று அறிய வேண்டுமானால், சாவிக்கொத்து யார் இடுப்பில் தொங்குகிறது என்று பார்க்க வேண்டும். தேசங்களின் விஷயமும் இப்படித்தான். ஒரு துறைமுகத்தில் எத்தனை கப்பல்கள் நிற்கின்றன, எத்தனை லட்சம் பெறுமான சரக்கு ஏறி இறங்குகிறது என்னும் கணக்குகளைக் கண்டு நாம் பிரமித்துப் போகிறோம். சுங்கச் சாவடியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்க மறந்து விடுகிறோம். அதைக் கேட்க மறந்தால் என்ன விளையும், கேட்கத் துணிந்தால் என்ன விளையும் என்ற இரண்டையும் ஒருங்கே எடுத்துக் காட்டும் ஊர் ஒன்று சீன தேசத்தின் நடுமத்தியில், யாங்ட்ஸீ நதிக்கரையில் இருக்கிறது. அதன் பெயர் ஹாங்கௌ.

ஹாங்கௌ என்றால் நம்மில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். வூஹான் என்றால் 2020-ஆம் வருஷத்துக்குப் பிறகு தெரியாதவர் இல்லை. பெருந்தொற்று நோயின் காரணமாக உலகமெல்லாம் அறிந்த அந்த மாநகரம், உண்மையில் மூன்று பழைய ஊர்கள் சேர்ந்து ஆனது. யாங்ட்ஸீ மகாநதியோடு ஹான் என்னும் உபநதி வந்து கலக்கும் இடத்தில், ஒரு கரையில் வூசாங். எதிர்க்கரையில் ஹான் நதியின் இரு பக்கமும் ஹான்யாங், ஹாங்கௌ. வூசாங் அதிகாரிகளின் ஊர். ஹாங்கௌவோ வியாபாரிகளின் ஊர். 'ஹான் நதியின் வாய்' என்பதே அதன் பெயருக்குப் பொருள். சமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 600 மைல் உள்நாட்டில் இருந்தும், கோடைக்காலத்தில் பெரிய கடற்கப்பல்களே நதி வழியாக நேரே அதன் துறைக்கு வந்து சேர முடிந்தது. இப்படிப்பட்ட விந்தை உலகத்தில் வெகு சில நதிகளுக்கே உண்டு.

வெள்ளையர் வருமுன்

வெள்ளைக்காரர் வந்துதான் ஆசியாவுக்கு வியாபாரம் கற்றுக் கொடுத்தார்கள் என்று ஒரு கதை நெடுநாளாக வழங்கி வருகிறது. அக்கதைக்கு ஹாங்கௌ ஒரு நல்ல மறுப்பு. பதினைந்தாம் நூற்றாண்டில் ஹான் நதி தன் போக்கை மாற்றிக் கொண்டபோது பிறந்த இவ்வூர், சில தலைமுறைகளுக்குள் சீனத்தின் நான்கு பெரிய சந்தை நகரங்களில் ஒன்றாயிற்று. 'ஒன்பது மாகாணங்களின் நாற்சந்தி' என்று சீனர் அதற்குப் பட்டப் பெயரே வைத்திருந்தனர். மேற்கே ஸெச்சுவானிலிருந்தும் தெற்கே ஹுனானிலிருந்தும் அரிசி, மரம், தேயிலை, பருத்தி, எண்ணெய் வித்துக்கள் ஆகியவை படகு படகாக வந்து இறங்கின. கிழக்கேயிருந்து உப்பு வந்தது. ஹான் நதியின் முகத்துவாரத்தில் பாய்மரங்கள் மூங்கில் காடு போல் நெருங்கி நின்றன.

ஒவ்வொரு மாகாணத்து வியாபாரிகளும் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்திருந்தனர். சங்கத்துக்கு மண்டபம் உண்டு. மண்டபத்தில் கோயில் உண்டு. கூத்து மேடையும் உண்டு. வியாபாரிகள் தங்கள் வரும்படியில் ஒரு பங்கை அதற்குச் செலுத்தினர். நம் ஊர்ச் சந்தைகளில் வியாபாரிகள் கோயிலுக்கென்று எடுத்து வைக்கும் மகமை போன்றதுதான் அதுவும். எடைக்கல் இன்னது, அளவு இன்னது, தரகு இவ்வளவு, தகராறு வந்தால் தீர்ப்பவர் இன்னார் என்பவற்றையெல்லாம் சங்கங்களே வகுத்தன. ஷான்ஸி மாகாணத்து லேவாதேவிக்காரர்கள் நம் நகரத்தார் போல் ஊர் ஊராகக் கடை வைத்து, ஓரிடத்தில் எழுதிய உண்டியலை ஆயிரம் மைலுக்கு அப்பால் பணமாக்கிக் கொடுத்தனர். எனவே சாமர்த்தியத்திலோ, நாணயத்திலோ, கணக்கு வழக்கிலோ ஹாங்கௌ வியாபாரிகள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். அவர்களிடம் இல்லாதது ஒன்றுதான், பீரங்கிக் கப்பல்.

கதவு உடைந்த கதை

பீரங்கிக் கப்பல் யாரிடம் இருந்தது, எதற்காக வந்தது என்பது உலகறிந்த செய்தி. நம் நாட்டு மண்ணில் விளைவித்த அபினியைச் சீனத்தில் விற்றுப் பெரும்பொருள் சேர்த்தனர் ஆங்கில வியாபாரிகள். 1839-ல் லின் ஸெஷூ என்ற நேர்மையான அதிகாரி 20,000-க்கு மேற்பட்ட அபினிப் பெட்டிகளைக் கைப்பற்றிக் கான்டன் அருகே அழித்தார். அதன் பேரில் யுத்தம் மூண்டது. ஆங்கிலேயரின் சேனையில் நம் சென்னை ராஜதானியின் சிப்பாய்ப் பட்டாளங்களும் இருந்தன என்பதை நாம் வருத்தத்தோடு நினைவு கூர வேண்டியிருக்கிறது. 1842 ஜூலையில் அச்சேனை யாங்ட்ஸீ நதியில் ஏறி, ஜென்ஜியாங் என்ற நதித் துறையைப் பிடித்தது. அங்கேதான் தலைநகராகிய பீகிங்குக்குத் தானியம் கொண்டு செல்லும் பெருங் கால்வாய் நதியைக் கடக்கிறது. குரல்வளையைப் பிடித்துவிட்ட பிறகு பேச்சு எதற்கு? அடுத்த மாதமே நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அது கையெழுத்தான 'கார்ன்வாலிஸ்' என்ற போர்க் கப்பல் 1813-ல் பம்பாயில், பார்ஸித் தச்சர்கள் தேக்கு மரத்தால் கட்டியது! நம் நாட்டு அபினி, நம் நாட்டுச் சிப்பாய், நம் நாட்டுக் கப்பல். லாபம் மட்டும் வேறொருவருடையது.

முதல் உடன்படிக்கையால் ஐந்து கடல் துறைகள் திறந்தன. இரண்டாவது யுத்தத்தின் நடுவே ஏற்பட்ட 1858-ஆம் வருஷத்து டியன்ட்ஸின் உடன்படிக்கை, நதித் துறைகளையும் திறந்துவிட்டது. 1861 மார்ச்சில் ஹாங்கௌவில் ஆங்கிலேயருக்கென்று நதிக்கரையில் ஒரு நிலப்பரப்பு ஒதுக்கப்பட்டது. ஆங்கிலேயருக்குக் கொடுத்தால் மற்றவர் சும்மா இருப்பார்களா? 1895-ல் ஜெர்மானியரும், 1896-ல் ருஷ்யரும் பிரெஞ்சுக்காரரும், 1898-ல் ஜப்பானியரும் ஆளுக்கொரு துண்டு வாங்கிக் கொண்டனர். நதியோரத்தில் இரண்டு மைலுக்கு மேல் ஐந்து ராஜ்யங்களின் கொடிகள் வரிசையாகப் பறந்தன.

அந்தக் கரைச் சாலையைக் கண்டவர்கள் அது சீனம் என்று நம்பியிருக்க மாட்டார்கள். மரநிழலுக்கு அப்பால் தூண்கள் நிறுத்திய பாங்கிகள், கப்பல் கம்பெனிகளின் காரியாலயங்கள், கிட்டங்கிகள், ஸ்தானிகர் மாளிகைகள். தெருமுனையில் போக்குவரத்தை ஒழுங்கு செய்யத் தலைப்பாகையும் தாடியுமாக நம் பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியப் போலீஸ்காரர். கிளப்புகள் இருந்தன; குதிரைப் பந்தய மைதானமும் இருந்தது. வெள்ளையர் பந்தயத்தில் தங்களுக்கு மரியாதையில்லை என்று கண்ட சீன வியாபாரிகள், பிற்பாடு தங்களுக்கென்று தனியே ஒரு பந்தய மைதானம் அமைத்துக் கொள்ள நேர்ந்தது. ஆங்கிலப் பகுதியின் நகர நிர்வாகம் வெள்ளைக்கார நிலக் குத்தகைக்காரர்கள் கையில் இருந்தது. குற்றம் செய்த வெள்ளையனைச் சீன நீதிபதி விசாரிக்க முடியாது. அவனவன் நாட்டு ஸ்தானிகர்தான் விசாரிக்க வேண்டும். சொந்த ஊரில், சொந்த நதியின் கரையில், ஊருக்குடையவன் ஒண்டுக் குடித்தனக்காரன் போல் ஆனான்.

தேயிலைப் பருவம்

இத்தனைக்கும் காரணமான சரக்கு எது? முதன்மையாகத் தேயிலை. மே மாதம் பிறந்தால் ஹாங்கௌவில் திருவிழாதான். ஹுனான், ஹூபே மலைச் சரிவுகளில் குடியானவர்கள் பறித்து, வறுத்து, உலர்த்திய முதல் பறிப்புத் தேயிலை பெட்டி பெட்டியாகப் படகில் வரும். சீமையிலிருந்து ருசி பார்க்கும் நிபுணர்கள் வந்து காத்திருப்பார்கள். கிண்ணங்களை வரிசையாக வைத்து, ஒரு வாய் உறிஞ்சி, கொப்பளித்துத் துப்பி, விலை சொல்வார்கள். அவர்கள் நாக்கின் தீர்ப்பில் நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் உள்ள குடியானவனின் வருஷப் பிழைப்பு தொங்கிக் கொண்டிருந்தது. பேரம் முடிந்ததும், துறையில் புகை கக்கிக் கொண்டிருக்கும் கப்பல்களில் இரவு பகலாகச் சரக்கு ஏறும். முதல் தேயிலையை லண்டனுக்குக் கொண்டு சேர்ப்பவருக்கு நல்ல விலை. ஆகவே கப்பல்களுக்குள் பந்தயம்! 1882-ல் 'ஸ்டர்லிங் காஸில்' என்ற நீராவிக் கப்பல் யாங்ட்ஸீத் தேயிலையை ஏறக்குறைய ஒரே மாதத்தில் லண்டனுக்குக் கொண்டுபோய் உலகத்தை வியக்கச் செய்தது.

ருஷ்யரின் வழி வேறு. அவர்கள் ஹாங்கௌவிலேயே தொழிற்சாலை வைத்து, தேயிலைத் தூளை நீராவியில் பதப்படுத்தி, இயந்திர அச்சில் அழுத்திச் செங்கல் செங்கலாக ஆக்கினர். அந்தத் தேயிலைக் கட்டிகள் மங்கோலியாவுக்கும் ஸைபீரியாவுக்கும் சென்றன. அந்தக் குளிர் தேசங்களில் அவை குடிப்பதற்கு மட்டுமன்றி, நாணயமாகவும் கைமாறின. ஓர் ஆட்டுக்கு இத்தனை கட்டி, ஒரு குதிரைக்கு இத்தனை கட்டி என்று விலை பேசினர். 1891-ல் ருஷ்ய இளவரசர் நிக்கொலாஸ், பிற்காலத்தில் கடைசி ஜார் ஆனவர், ஹாங்கௌவுக்கு வந்து இந்தத் தொழிற்சாலைகளைப் பார்வையிட்டார் என்றால் அத்தொழிலின் மதிப்பு விளங்கும்.

சரக்கை ஏற்றி இறக்கியவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். யாங்ட்ஸீயில் கோடை வெள்ளத்துக்கும் குளிர்கால வறட்சிக்கும் இடையே நீர்மட்டம் 45 அடி வரை மாறும். கோடையில் சாலை மட்டத்துக்கு வந்து நிற்கும் கப்பல், குளிர்காலத்தில் கிணற்றுக்குள் கிடப்பது போல் கீழே கிடக்கும். அத்தனை படிகளிலும் மூங்கில் காவடியைத் தோளில் வைத்து, ஏலேலோ போன்ற ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு, ஏறி இறங்கியவர்கள் சீனக் கூலிகள். ஹாங்கௌவுக்கு மேலே மலையிடுக்குகளில் நிலைமை இன்னும் கடினம். ஒவ்வொரு படகையும் நூற்றுக்கணக்கான ஆட்கள் கரைப் பாறைகளில் தொற்றிக் கொண்டு கயிறு கட்டி இழுத்தனர். 1898-ல்தான் முதல் நீராவிப் படகு அந்த இடுக்குகளைக் கடந்து சுங்கிங் நகரை எட்டியது.

துபாஷ்களும் கப்பல்களும்

வெள்ளைக்கார வியாபாரிக்குச் சீன பாஷை தெரியாது. ஊர் வழக்கம் தெரியாது. யாரை நம்பலாம் என்பதும் தெரியாது. அவனுக்கும் நாட்டு வியாபாரிக்கும் நடுவே நின்றவனைப் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்த சொல்லால் 'காம்ப்ரதோர்' என்று அழைத்தனர். சென்னைப் பட்டணத்தின் பழைய கதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் கறுப்பர் பட்டணத்துத் துபாஷ்தான் அங்கே இன்னொரு பெயரில் இருந்தார். கம்பெனிக்கு வேண்டிய சரக்கைப் பிடித்துக் கொடுப்பதும், நாட்டுப் பாங்கிகளின் தாள்களுக்கு ஜாமீன் நிற்பதும், கிட்டங்கி ஆட்களை நியமிப்பதும் அவர் வேலை. தரகு, வட்டி, நிலம் என்று அவர் கையில் பணம் புரண்டது. அந்தப் பணக்காரரைத் துரோகி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது நியாயம் அன்று. அந்நியன் தொழில் ரகசியத்தைக் கற்றுக் கொண்டு, பிறகு அவனுக்கே போட்டியாகத் தொழில் தொடங்கிய முதலாளிகளில் பலர் அந்த வகுப்பிலிருந்தே வந்தனர்.

நதியில் ஓடிய நீராவிக் கப்பல்கள் முதலில் அமெரிக்கரும் ஆங்கிலேயரும் நடத்தியவை. 1872-ல் லீ ஹுங்சாங் என்ற ராஜதந்திரியின் ஆதரவில் சீன வியாபாரிகள் கப்பல் கம்பெனி ஒன்று பிறந்தது. உடனே அந்நியக் கம்பெனிகள் கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து அதை நசுக்கப் பார்த்தன. தூத்துக்குடியில் 1906-ல் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் தொடங்கிய சுதேசிக் கப்பலுக்கு நேர்ந்ததை அறிந்த நமக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல. ஆனால் பலனில் வேற்றுமை உண்டு. சீனக் கம்பெனி 1877-ல் அமெரிக்கரின் நதிக் கப்பல்களையே விலைக்கு வாங்கிவிட்டது! காரணம், அதன் பின்னே ஓரளவுக்கேனும் ஓர் அரசாங்கம் நின்றது. நம் சிதம்பரனாருக்கோ அரசாங்கமே எதிரியாக நின்றது. கப்பலும் போய், அவர் சிறையில் செக்கும் இழுத்தார்.

யார் கையில் சாவி?

இனி விஷயத்தின் உயிர்நிலைக்கு வருவோம். சீன தேசத்தின் சுங்க இலாகாவை நடத்தியவர் சீனர் அல்லர். 1854-ல் ஷாங்காயில் ஒரு கலகத்தின்போது தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கிய அந்நிய நிர்வாகம் அப்படியே நிலைத்துவிட்டது. 1863 முதல் ராபர்ட் ஹார்ட் என்ற ஐரிஷ்காரர் அதன் தலைவராயிருந்து, 1908-ல் சீனத்தை விட்டுப் புறப்படும் வரை 45 வருஷம் அதை ஆண்டார். அவருடைய நிர்வாகம் ஒழுங்கானது. லஞ்சம் குறைந்தது; கணக்குகள் கிரமமாக அச்சாயின; கலங்கரை விளக்கங்கள் எழுந்தன; தபால் இலாகாவும் அதிலிருந்து பிறந்தது. ஹாங்கௌ சுங்கச் சாவடி 1865 முதல் யாங்ட்ஸீயின் நீர்மட்டத்தை அளந்து எழுதத் தொடங்கியது. இவற்றையெல்லாம் மறுப்பது நன்றியன்று. ஆனால் ஒழுங்காக நடப்பது வேறு, நமக்காக நடப்பது வேறு.

சுங்க வரி எவ்வளவு என்று நிச்சயிக்கும் உரிமை சீனத்துக்கு இல்லை. இறக்குமதிக்கும் ஏற்றுமதிக்கும் பொதுவாக 100-க்கு 5 என்று உடன்படிக்கையில் கட்டிப் போட்டுவிட்டார்கள். அதுவும் 1858-ஆம் வருஷத்து விலைகளை அடிப்படையாகக் கொண்டு வகுத்தது. விலை ஏறினாலும் வரி ஏறாது. 1902 வரை அதை யாரும் பெரிதாகத் திருத்தவில்லை. குழந்தைத் தொழிலைக் காக்கச் சற்று உயர்ந்த வரி போடலாம் என்றால், அதற்கு அத்தனை அந்நிய வல்லரசுகளும் சம்மதிக்க வேண்டும். நம் நாட்டிலும் மாஞ்செஸ்டர் துணிக்குப் போட்டி வரக்கூடாது என்று 1896 முதல் இந்திய மில் துணிக்கு 100-க்கு 3½ வீதம் உள்நாட்டு வரி போட்டிருந்தார்களே, அதற்கு இது அண்ணன் தம்பி.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. உள்நாட்டில் சரக்கு செல்லும் வழியெங்கும் 'லிகின்' என்ற சாவடி வரி 1853 முதல் இருந்தது. சீன வியாபாரி ஒவ்வொரு சாவடியிலும் நின்று அழ வேண்டும். அந்நிய வியாபாரியோ துறைமுகத்திலேயே 100-க்கு 2½ செலுத்திச் சீட்டு வாங்கிக் கொண்டால் எல்லாச் சாவடிகளையும் தாண்டிப் போகலாம். விளைவு என்ன? சீன வியாபாரிகள் தங்கள் சொந்தச் சரக்கையே அந்நியன் பெயரில் அனுப்பத் தொடங்கினர்! பெயரை வாடகைக்குக் கொடுத்தே சில வெள்ளையர் ஜீவனம் செய்தனர். சொந்த நாட்டில் சொந்தப் பெயரைச் சொன்னால் நஷ்டம், இரவல் பெயரைச் சொன்னால் லாபம் என்பதைவிட ஒரு சமூகத்துக்கு வேறு அவமானம் உண்டோ?

தேயிலைக்கு வந்த கதியையும் பாருங்கள். பிகல் ஒன்றுக்கு, அதாவது ஏறக்குறைய 133 பவுண்டு எடைக்கு, 2½ டேல் வெள்ளி ஏற்றுமதி வரி என்று 1858-ல் விதித்திருந்தார்கள். விலை நன்றாயிருந்த காலத்தில் அது பாரமாகத் தெரியவில்லை. பிறகு அஸ்ஸாமிலும் இலங்கையிலும் ஆங்கில முதலாளிகள் பெருந் தோட்டங்கள் வைத்து, இயந்திரத்தால் தேயிலை செய்து, லண்டனுக்கு அனுப்பினர். விலை சரிந்தது, ஹாங்கௌவின் வரி மட்டும் சரியவில்லை. சீனத்துக் குடியானவன் சிறு துண்டு நிலத்தில் கையால் செய்த தேயிலையில் குறைகள் இருந்தன என்பதும், இடையே வந்த சில வியாபாரிகள் கலப்படம் செய்து பெயரைக் கெடுத்தனர் என்பதும் உண்மையே. ஆனால் வரியைக் குறைத்து, ஆராய்ச்சி நடத்தி, தொழிலைத் தூக்கி நிறுத்த வேண்டிய அரசாங்கத்தின் கைகள் கட்டிக் கிடந்தன. அந்த வரி பாதியாகக் குறைந்தது 1902-ல்தான். அதற்குள் 1880-களின் கடைசியிலேயே ஆங்கிலச் சந்தையில் இந்தியத் தேயிலை சீனத் தேயிலையை மிஞ்சிவிட்டது. ஹாங்கௌவில் கப்பல் பந்தயம் பழங்கதையாயிற்று. ருஷ்யரின் கட்டித் தேயிலை மட்டும் 1917-ஆம் வருஷத்துப் புரட்சி வரை தாக்குப் பிடித்தது.

இந்தக் கதையில் தமிழர்களாகிய நம் மனத்தை உறுத்த வேண்டிய இடம் ஒன்று உண்டு. இலங்கை மலைகளில் அந்தத் தேயிலையைப் பறித்த விரல்கள் யாருடையவை? நம் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் கூட்டிச் சென்ற தமிழ்ப் பெண்களின் விரல்கள் அல்லவா? ஹூபே மலையில் ஒரு குடியானவன் பிழைப்பை இழந்தான். ஆனால் அவன் இழந்தது கண்டி மலையில் லயத்தில் கிடந்த நம் சகோதரிக்கு வந்து சேரவில்லை. இருவர் வியர்வைக்கும் விலை நிச்சயித்தவன் மூன்றாமவன். ஒரு காலைப் பொழுதில் நாம் கையில் எடுக்கும் தேநீர்க் கிண்ணத்துக்குள் இத்தனை சரித்திரம் அடங்கிக் கிடக்கிறது.

தேயிலை போனாலும் ஹாங்கௌ சாகவில்லை. எள், தோல், பன்றி மயிர், வர்ணங்களில் கலக்கும் டுங் மரத்தின் எண்ணெய், உலர்த்திய முட்டை என்று வேறு சரக்குகள் வந்தன. பதிலுக்கு மண்ணெண்ணெய், சிகரெட்டு, துணி, பம்பாய் மில்களின் நூல் ஆகியவை இறங்கின. 1906-ல் பீகிங்கிலிருந்து ரயில் வந்து சேர்ந்தது. மாகாண அதிபதி ஜாங் ஜிடோங் எதிர்க்கரையில் ஹான்யாங் இரும்புத் தொழிற்சாலையை எழுப்பினார். வருமானம் பெருகியது. ஆனால் 1895-ல் ஜப்பானிடம் தோற்றதற்கும், 1901-ல் பாக்ஸர் கலகத்துக்கும் சீனம் தண்டம் கட்ட வேண்டியிருந்தது. பாக்ஸர் தண்டம் மட்டும் 45 கோடி டேல், 39 வருஷத் தவணை, வட்டி வேறு. சுங்க வருமானம் அந்தக் கடன்களுக்கு ஈடாயிற்று. 1911-க்குப் பிறகு வரிப் பணமே அந்நிய பாங்கிகளில் போய்ச் சேர்ந்தது. கடனும் தண்டமும் போக மிஞ்சியதுதான் சீன அரசாங்கத்தின் கைக்கு வந்தது.

கேட்டார்கள், கிடைத்தது

பொறுமைக்கும் எல்லை உண்டு. 1911 அக்டோபர் 9-ந் தேதி, ஹாங்கௌவில் ருஷ்யப் பகுதியில் இருந்த ஒரு வீட்டில் புரட்சிக்காரர்கள் தயாரித்துக் கொண்டிருந்த வெடிகுண்டு தவறுதலாக வெடித்தது. ரகசியம் வெளிப்பட்டுவிடவே, மறுநாளே வூசாங்கில் பட்டாளம் கிளர்ந்தெழுந்தது. சில மாதங்களில் மன்னராட்சி முடிந்தது. அந்தச் சண்டையில் சக்கரவர்த்தியின் சேனை சீனர் வாழ்ந்த ஹாங்கௌவைத் தீக்கிரையாக்கிற்று.

1917-ல் ஜெர்மானியர் பகுதி சீனர் கைக்குத் திரும்பியது. சில வருஷங்களில் ருஷ்யர் பகுதியும் திரும்பியது. ஆங்கிலேயர் அசையவில்லை. 1925 ஜூனில் அவர்கள் கூட்டத்தின் மேல் சுட்டதில் சீனர் சிலர் மாண்டனர். 1927 ஜனவரியில் தேசியவாதிகளின் அரசாங்கம் வூஹானில் அமைந்திருந்தது. 3-ந் தேதி சுங்கச் சாவடியின் அருகே பெருங் கூட்டம் கூடியது. ஆங்கிலக் கடற்படை வீரர்களோடு கைகலப்பும் நேர்ந்தது. மறுபடி துப்பாக்கி வெடித்தால் தேசமே பற்றி எரியும் என்று ஆங்கில அதிகாரிகளுக்குத் தெரிந்துவிட்டது. வீரர்கள் கப்பலுக்குத் திரும்பினர். 5-ந் தேதிக்குள் சீனக் கொடி ஏறியது. டிரினிடாட் தீவில் பிறந்து வளர்ந்த யூஜீன் சென் என்ற சீன மந்திரி, பிப்ரவரி 19-ந் தேதி ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் செய்து அதை உறுதிப்படுத்திக் கொண்டார். ஆயுதம் தாங்கிய ராஜ்யத்திடமிருந்து ஆயுதம் இல்லாத கூட்டம் ஒரு நகரத்தை மீட்டது!

அப்போது ஷாங்காயைக் காக்க ஆங்கிலேயர் அனுப்பிய சேனையில் மறுபடி இந்தியச் சிப்பாய்கள் இருந்தனர். ஆனால் 1842-ஆம் வருஷத்து இந்தியா அல்ல இது. அவ்வருஷம் டிஸம்பரில் நம் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபை, இந்தியப் பட்டாளத்தைச் சீனத்தில் உபயோகிப்பதைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 1938-ல் ஜப்பானியர் ஹாங்கௌவை நெருங்கியபோது அந்த ஊருக்கு வந்து சேர்ந்தது நம் சிப்பாய்கள் அல்ல. காங்கிரஸ் அனுப்பிய ஐந்து வைத்தியர்கள். அவர்களில் ஒருவரான டாக்டர் கோட்னிஸ் சீனத்திலேயே தொண்டு செய்து, 1942-ல் அங்கேயே உயிர் நீத்தார். நூறு வருஷத்துப் பழிக்கு ஒரு சிறு பிராயச்சித்தம் என்று இதைக் கொள்ளலாம்.

சாவியும் மெல்ல மெல்லக் கைமாறியது. 1928-ல் அமெரிக்காவும் பிரிட்டனும், 1930-ல் ஜப்பானும் வரி விதிக்கும் உரிமையை ஒப்புக் கொண்டன. 1931 ஜனவரியில் லிகின் வரியை ஒழித்தார்கள். 1943-ல் தனிக் கோர்ட்டு உரிமைகளை ஆங்கிலேயரும் அமெரிக்கரும் கைவிட்டனர். சுங்க இலாகாவின் கடைசி அந்நியத் தலைவர் பதவி விட்டது 1950-ல்தான்!

சாவி கைக்கு வந்ததும் எல்லாத் துன்பமும் தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்ல மாட்டோம். 1931-ல் வெள்ளம் ஹாங்கௌ தெருக்களை மூழ்கடித்தது. 1938 அக்டோபரில் ஜப்பானியர் ஊரைப் பிடித்தனர். 1949-ல் புதிய ஆட்சி வந்த பின்னரும், 1959 முதல் 1961 வரை நேர்ந்த பஞ்சத்தில் சீனமெங்கும் கோடிக்கணக்கான ஜனங்கள் மாண்டனர். அந்தப் பஞ்சத்துக்கு அந்நியன் மேல் பழி போட முடியாது. சாவி நம் இடுப்பில் இருந்தாலும், வீட்டார் பசியை அறிந்து களஞ்சியத்தைத் திறக்கும் மனமும், தவறு கண்டால் எடுத்துச் சொல்லும் வாயும் இல்லையேல் பயனில்லை. சுதந்தரம் என்பது வீட்டுப் பொறுப்பின் தொடக்கமேயன்றி முடிவன்று.

ஆயினும் ஓர் ஒப்புமையை நேயர்கள் மனத்தில் வைக்க வேண்டும். 1842-ல் சீனம் பீரங்கி வாயில் நின்று சில வாரங்களில் கதவைத் திறந்தது. உலக வர்த்தக ஸ்தாபனத்தில் அதே சீனம் 15 வருஷம் பேரம் பேசி, 2001 டிஸம்பரில்தான் சேர்ந்தது. இரண்டு தடவையும் கதவு திறந்தது. ஒரு தடவை உடைந்து திறந்தது. மற்றொரு தடவை தாழ்ப்பாளை வீட்டுக்காரனே நீக்கினான். இவ்விரண்டுக்கும் உள்ள பேதமே ஹாங்கௌ கற்பிக்கும் பாடம்.

1924-ல் கட்டி முடித்த சுங்க மாளிகை தன் மணிக்கூண்டோடு இன்றும் அந்த நதிக்கரையில் நிற்கிறது. இப்போது அது ஒரு பொருட்காட்சிசாலை. அந்நிய அதிகாரிகள் அங்கே தொடங்கிவைத்த நீர்மட்டக் கணக்கை மட்டும் சீனர் கைவிடவில்லை. 1931-ல் 28.28 மீட்டர், 1954-ல் 29.73 மீட்டர் என்று வெள்ளம் ஏறிய உயரங்களை அந்தக் கணக்கு சொல்கிறது. அந்நியன் விட்டுச் சென்றதில் நல்லதை வைத்துக் கொண்டார்கள். சாவியைத் திரும்பப் பெற்றுக் கொண்டார்கள். வியாபாரத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை; கப்பல் வரட்டும், போகட்டும். நம் துறையில் வரி எவ்வளவு என்று நாமே சொல்கிறோமா, அந்த வரி நம் குடியானவனுக்கும் தொழிலாளிக்கும் பயன்படுகிறதா என்ற இரண்டு கேள்விகளை மட்டும் நாம் ஒரு நாளும் கேட்க மறக்கலாகாது.